அமெரிக்காவில் எம்.எஸ்., பிஎச்.டி. இடம் கிடைக்குமா? நீங்களே கணித்துப் பார்ப்பது எப்படி

ஆகஸ்ட் மாதம் பிறந்தால் கல்லூரி ஜூனியர்களிடமிருந்து ஒரே மாதிரி செய்தி வரத் தொடங்கிவிடும். "அண்ணா, சி.ஜி.பி.ஏ. 8.4, ஜி.ஆர்.இ. 319, ஒரு பேப்பர் இருக்கு, எங்கெல்லாம் கிடைக்கும்?" (ஜி.ஆர்.இ. என்பது மேற்படிப்புக்கு எழுதும் பொதுத் தேர்வு, பேப்பர் என்பது வெளியான ஆய்வுக் கட்டுரை.) இதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது, வேறு யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஏனென்றால் அந்தச் செய்தியில் இருப்பது பாதி விவரம், அதாவது உங்களைப் பற்றிய பாதி மட்டும். எந்த ப்ரோகிராம், அதில் ஆளைத் தேர்ந்தெடுப்பது யார், நீங்கள் படிக்கப் போகும் செலவு யார் பையிலிருந்து போகிறது என்கிற மறுபாதி தெரியாமல் வாய்ப்பு எவ்வளவு என்று சொன்னால் அது ஜோசியம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். திருச்சிப் பக்கம் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, ஒரு கன்சல்டன்சி கொடுத்த பட்டியலை அப்படியே நம்பி எட்டு இடங்களுக்குப் போட்டேன். ஏழு ரிஜெக்ட், ஒன்றிலிருந்து கடைசி வரை பதிலே இல்லை. பரீட்சைக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், ஸ்கோர் அனுப்பிய செலவு எல்லாம் சேர்த்து அப்பா ஒரு லட்சத்துக்கு மேல் கட்டியிருந்தார். மறு வருடம் அதே மார்க், அதே ஜி.ஆர்.இ. பட்டியலையும் ஒரே ஒரு பரிந்துரைக் கடிதத்தையும் மட்டும் மாற்றினேன், ஆறில் மூன்று கிடைத்தது. நான் ஒரு வருடத்தில் பெரிய புத்திசாலி ஆகிவிடவில்லை. எங்கே கதவைத் தட்டுவது என்று தெரிந்தது, அவ்வளவுதான். அந்த ஒரு லட்சம் உங்கள் வீட்டில் போகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் காசு யாருடையது என்று பாருங்கள்

பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்து வாய்ப்பைக் கணக்கிடக் கூடாது, ப்ரோகிராமை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். ஒரே பல்கலைக்கழகம், ஒரே துறை, ஆனால் இரண்டு வாசல் இருக்கும். இலினாய் அர்பானா-ஷாம்பெய்னில் கம்ப்யூட்டர் சயன்ஸ் எம்.எஸ். என்பது ஆய்வுக்கட்டுரை எழுத வேண்டிய படிப்பு, எம்.சி.எஸ். என்பது பாடங்கள் மட்டும் முடித்து வேலைக்குப் போகிறவர்களுக்கான படிப்பு. கார்னெல்லில் எம்.எங். (மாஸ்டர் ஆஃப் இன்ஜினியரிங்) இருக்கிறது, விஸ்கான்சின்-மேடிசனில் புரொஃபஷனல் மாஸ்டர்ஸ் தனியாக இருக்கிறது. இந்தப் பாடவழிப் படிப்புகளில் காசு கொடுப்பது மாணவர், அதனால் இடங்கள் அதிகம். குழு பார்ப்பது இவ்வளவுதான்: இந்தப் பையன், இந்தப் பொண்ணு எங்கள் பாடங்களைத் தாக்குப்பிடிப்பார்களா, ஒழுங்காக முடித்துப் போவார்களா. அங்கே சி.ஜி.பி.ஏ., கணித, அடிப்படைப் பாடங்களின் கிரேடு, படித்த கல்லூரி, வேலை அனுபவம் எல்லாம் நேரடியாகப் பேசும்.

பிஎச்.டி. கதையே வேறு. அங்கே உங்கள் ட்யூஷன், மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் ஐந்தாறு வருடம் துறையோ ஒரு பேராசிரியரின் கிராண்டோ (ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் நிதி) சுமக்கிறது. பி.இ. முடித்த கையோடு நேராகப் பிஎச்.டி.க்குப் போடலாம் என்பது நம்மூரில் பலருக்குத் தெரியவே தெரியாது, தெரிந்தவர்களும் "அது டாப்பர்களுக்கு" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். டாப்பர் என்பதற்காக யாரும் ஐந்து வருடம் சம்பளம் தர மாட்டார்கள். பேராசிரியர் தனக்குத் தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி, இந்த ஆளிடம் ஒரு வேலையைக் கொடுத்தால், வழி தெரியாமல் மூன்று மாதம் மாட்டிக்கொண்டாலும் விடாமல் உட்கார்ந்து பார்ப்பாரா என்பதுதான். 9.3 வாங்கி ஆராய்ச்சி வாசனையே இல்லாதவரை விட, 8.1 வாங்கி ஒரு லேபில் ஆறு மாதம் உழைத்தவருக்கு அங்கே வாய்ப்பு அதிகம் என்பதை நான் பல முறை பார்த்துவிட்டேன்.

இதிலும் துறைக்குத் துறை பழக்கம் மாறும். மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிக்கல் பக்கம் பல துறைகளில் ஒரு பேராசிரியர் "இவர் எனக்கு வேண்டும்" என்று சொன்னால்தான் பிஎச்.டி. இடம் நகரும். உயிரியலில் பெரும்பாலும் குழுவே எடுக்கும், முதல் வருடம் இரண்டு மூன்று லேபில் சுற்றிவிட்டு அப்புறம் வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பார்கள். வேதியியலும் ஏறக்குறைய இப்படித்தான். அதனால் பேராசிரியருக்கு மெயில் அனுப்புவது ஓரிடத்தில் உயிர்நாடி, இன்னோரிடத்தில் அதனால் ஒன்றும் ஆகாது. எந்த வகை என்பது துறையின் அட்மிஷன் பக்கத்திலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும், பத்து நிமிடம் பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் பக்கத்துக் கணக்கு

சி.ஜி.பி.ஏ.வை 0.4 ஆல் பெருக்கி, 8 வாங்கினால் 3.2 என்று எழுதிவைத்துக்கொண்டு மனம் உடைந்துபோகிறவர்கள் நிறைய. அப்படிப் பெருக்காதீர்கள். பல விண்ணப்பங்களில் உங்கள் கல்லூரி கொடுத்த அளவிலேயே எழுதச் சொல்கிறார்கள், பத்துக்கு எவ்வளவோ அதை எழுதினால் போதும். இந்திய மார்க் ஷீட்டை வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் பார்க்கிற ஆட்கள் அவர்கள். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நம்மூரில் என்ன அர்த்தம் என்று ஓரளவுக்குத் தெரியும். அண்ணா பல்கலைக்கழகத்தில் 8.5 தாண்டி, எல்லாத் தாளும் முதல் முறையிலேயே தேறியிருந்தால் டிஸ்டிங்ஷன். அது உங்களிடம் இருந்தால் மார்க் விஷயத்தில் கவலைப்பட வேண்டாம், வேறு வேலையைப் பாருங்கள். வகுப்பில் 120 பேரில் ஐந்தாவது என்று சொல்ல முடிந்தால் அது தனி எண்ணை விடப் பலமானது. கல்லூரி தருமென்றால் ரேங்க் சான்றிதழ் வாங்கி வையுங்கள்.

அரியர் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஒன்றிரண்டு இருந்தால் கதவு மூடிவிடாது, ஆனால் எந்தத் தாளில் என்பது முக்கியம். கன்ட்ரோல்ஸ் படிக்கப் போகிறவருக்கு என்விரான்மென்டல் சயன்ஸில் அரியர் இருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், கணிதத்தில் இருந்தால் கேள்வி வரும். மறைக்க முயலாதீர்கள், ட்ரான்ஸ்கிரிப்டில் தெரிந்துவிடும். எஸ்.ஓ.பி.யில், அதாவது ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன் என்று எழுதும் கட்டுரையில், அதைப் பற்றி அரைப்பக்கம் அழவும் வேண்டாம். பின்னால் அதே பக்கத்துப் பாடங்களில் நல்ல கிரேடு வாங்கியிருப்பதை ஒரு வரியில் காட்டுங்கள்.

ஜி.ஆர்.இ. 2023 செப்டம்பரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற பரீட்சையாகச் சுருங்கிவிட்டது, 2020க்குப் பிறகு பல துறைகள் கேட்பதையே விட்டுவிட்டன. எம்.ஐ.டி.யின் எலெக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் சயன்ஸ் துறை கேட்பதில்லை. கேட்கிற இடங்களில் கூட, பொறியியல் விண்ணப்பங்களுக்கு நடுவில் குவான்ட், அதாவது கணிதப் பகுதியில், 166 என்பது தனித்துத் தெரிகிற எண் அல்ல, இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகிற பாதிப் பேர் அந்தப் பக்கம்தான் நிற்பார்கள். குவான்ட் 160க்குக் கீழே போனால் கெடுக்கும், 165க்கு மேலே போனால் பெரிதாக உதவாது. 318ஐ 324 ஆக்க மூன்று மாதம் செலவழிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், அந்த மூன்று மாதத்தில் ஒரு லேபில் உட்கார்ந்திருக்கலாம். டோஃபல், ஐ.ஈ.எல்.டி.எஸ். போன்ற ஆங்கிலத் தேர்வுகள் தாண்ட வேண்டிய ஒரு கோடு மட்டும், தாண்டியபின் மறந்துவிடலாம். ஒரே ஒரு விஷயம், டி.ஏ. வேலைக்கு (பாடம் நடத்த உதவும் மாணவர் வேலை) பேச்சுப் பகுதிக்கு மட்டும் தனி வரம்பு வைத்திருக்கும் இடங்கள் உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேப்பர். இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு ஆயிரம் ரூபாய் கட்டினால் இரண்டு வாரத்தில் வெளியாகிற ஜர்னல், கல்லூரிகளே நடத்துகிற "இன்டர்நேஷனல்" கான்ஃபரன்ஸ் இவற்றால் பிஎச்.டி. வாய்ப்பு உயராது, சில பேராசிரியர்களிடம் குறையக்கூடச் செய்யும். அதை விட, வெளியாகாத வேலையாக இருந்தாலும், என்ன கேள்வி, என்ன செய்தேன், எங்கே தோற்றேன் என்று மூன்று பத்தி தெளிவாக எழுத முடிந்தால் அதற்கு மதிப்பு அதிகம். இன்னும் இரண்டாம், மூன்றாம் வருடத்தில் இருக்கிறீர்களா? இந்திய அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடைக்கால ஆய்வு ஃபெலோஷிப், ஐ.ஐ.டி. மெட்ராஸின் சம்மர் ஃபெலோஷிப், இயற்பியல்காரர்களுக்கு டாடா ஆராய்ச்சி நிறுவனமான டி.ஐ.எஃப்.ஆரின் வி.எஸ்.ஆர்.பி., வெளிநாடு என்றால் ஜெர்மனியின் டாட் வைஸ் (DAAD WISE), கனடாவின் மைடாக்ஸ் குளோபலிங்க், இவற்றுக்கெல்லாம் போட்டுப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் வாய்ப்பைக் கணிசமாக மாற்றக்கூடிய முக்கியமான விஷயம் இதுதான், மார்க்கும் ஸ்கோரும் ஓரத்தில் செதுக்குவது.

மூன்று வருட பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பல அமெரிக்கத் துறைகள் நான்கு வருட இளங்கலையைத்தான் தகுதியாக வைத்திருக்கின்றன, சில இடங்கள் மூன்று வருடத்தையும் ஏற்கின்றன, எம்.எஸ்சி. சேர்ந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. வாய்ப்பைக் கணக்கிடுவதற்கு முன்னால் தகுதி இருக்கிறதா என்று மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

கடிதம்

நம்மூர் விண்ணப்பங்கள் அதிகம் விழுகிற இடம் பரிந்துரைக் கடிதம். ஹெச்.ஓ.டி. நல்ல மனிதராகத்தான் இருப்பார், "நீயே எழுதிக் கொண்டு வாப்பா, நான் போட்டு அனுப்பிடுறேன்" என்பார். மாணவர் உட்கார்ந்து மூன்று கடிதம் எழுதுவார். மூன்றிலும் ஒரே நடை, ஒரே "சின்சியர் அண்ட் ஹார்ட்வொர்க்கிங்", மூன்றிலும் செமினாரில் பரிசு வாங்கியது வரும். படிக்கிறவருக்கு இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் முதல் வருடம் விழுந்தது இதில்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

பதவி பெரியது என்பதற்காகக் கடிதம் கேட்காதீர்கள். உங்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவரிடம் கேளுங்கள், அவர் நேற்றுச் சேர்ந்த உதவிப் பேராசிரியராக இருந்தாலும் பரவாயில்லை. நாமக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஈ.சி.இ. படித்த பெண் ஒருத்தி, கோடையில் எட்டு வாரம் ஒரு ஐ.ஐ.டி. லேபில் இருந்தாள். கடிதம் கேட்கப் போனபோது அந்தப் பேராசிரியர் சொன்னாராம்: "நான் ஒரு விஷயம்தான் எழுதப் போறேன். நீ எழுதின வெரிலாக் கோடு சிமுலேஷன்ல சரியா வந்துச்சு, போர்டுல தப்பா வந்துச்சு. யார்கிட்டயும் கேட்காம நாலு நாள் உட்கார்ந்து டைமிங் பிரச்சினையை நீயே கண்டுபிடிச்ச. அதை எழுதினா போதும்." ஆமாம், அது போதும். அந்த ஒரு சம்பவம் "கிளாஸில் முதல் மாணவி" என்கிற மூன்று கடிதங்களுக்குச் சமம், ஏனென்றால் ஆராய்ச்சியில் தினமும் நடப்பது அதுதான்.

அதனால் உங்கள் கடிதங்களை இப்படி எடை போடுங்கள். ஒவ்வொருவராலும் உங்களைப் பற்றி ஒரு சம்பவம் சொல்ல முடியுமா? மூன்றில் இரண்டு பேரால் முடியும் என்றால் பிஎச்.டி. பட்டியல் போடலாம். ஒருவரால்தான் முடியும் என்றால் எம்.எஸ். பக்கம் கனமாகப் போட்டு, பிஎச்.டி. ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். ஒருவராலும் முடியாது என்றால் இந்த வருடம் பிஎச்.டி. வேண்டாம், ஒரு வருடம் எங்காவது ஒரு லேபில் ப்ராஜெக்ட் அசோசியேட்டாக இருந்துவிட்டு வாருங்கள். அந்த ஒரு வருடம் வீண் போகாது.

கேட்கும்போது கையில் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: எந்த செமஸ்டர், என்ன ப்ராஜெக்ட், அதில் உங்கள் பங்கு, எந்த ப்ரோகிராம், கடைசித் தேதி. எழுதுவது அவராக இருக்கட்டும். கல்லூரி மெயில் ஐ.டி.யிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு பெட்டி வரும், அதை டிக் செய்யுங்கள், இல்லையென்றால் கடிதத்தின் மீது நம்பிக்கை குறையும்.

அவர்கள் பக்கத்துக் கணக்கு

இனி மறுபாதி. எக்செல் திறந்து ஒரு ப்ரோகிராமுக்கு ஒரு வரி போடுங்கள்.

முதலில் ஊரறிந்த எண்கள். டியூக், மிஷிகன், யு.சி.எல்.ஏ. போன்ற இடங்களில் கிராஜுவேட் ஸ்கூலே துறைவாரியாக எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கொடுத்தார்கள் என்று வெளியிடுகிறது. கடைசி மூன்று வருடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு 800 பேர் போட்டு 64 பேருக்குக் கிடைத்தது என்றால் 8 சதவீதம். இந்த 8 உங்கள் வாய்ப்பு அல்ல, கணக்கு ஆரம்பிக்கிற இடம். வெளிநாட்டு மாணவர்களைத் தனியாகப் பிரித்துக் காட்டியிருந்தால் அந்த எண்ணை எடுங்கள், பல துறைகளில் அது இன்னும் குறைவாக இருக்கும். சராசரி ஜி.பி.ஏ., மீடியன் ஜி.பி.ஏ. (வரிசையாக நிறுத்தினால் நடுவில் வரும் எண்) என்று போட்டிருப்பதைக் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உள்ளே போனவர்களில் பாதிப் பேர் அந்த மீடியனுக்குக் கீழே இருந்தவர்கள்.

அடுத்து, நான் மிகவும் நம்புகிற ஒன்று. லிங்க்ட்இன்னில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் அலும்னை என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே உங்கள் கல்லூரியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஒருவரும் வரவில்லையா, உங்கள் கல்லூரி மாதிரியான பக்கத்துக் கல்லூரிகளின் பெயர்களைப் போடுங்கள். கடைசி நான்கைந்து வருடத்தில் உங்களைப் போன்றவர்கள் எத்தனை பேர், எந்த ப்ரோகிராமில், போகும் முன் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பாருங்கள். கிண்டியிலிருந்தும் என்.ஐ.டி. திருச்சியிலிருந்தும் வருடம் ஐந்து பேர் போகிற இடத்துக்கு உங்கள் கல்லூரியிலிருந்து இதுவரை ஒருவர்கூடப் போகவில்லை என்றால் அது ஒரு தகவல். போன ஒரே ஒருவர் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனார் என்றால் அதுவும் தகவல். அவர்களுக்கு மரியாதையாக ஒரு மெசேஜ் அனுப்புங்கள், "எனக்குக் கிடைக்குமா அண்ணா" என்று கேட்காமல், "நீங்கள் போட்ட எட்டில் எவை எவை கிடைக்கவில்லை அக்கா" என்று கேளுங்கள். கிடைத்ததை எல்லோரும் ஊருக்கே சொல்லிவிடுவார்கள், கிடைக்காதது அவர்களிடம் கேட்டால்தான் தெரியும். கணக்குக்கு அதுதான் அதிகம் வேண்டும்.

பிஎச்.டி. என்றால் இன்னும் ஒரு படி உள்ளே போக வேண்டும். உங்கள் துணைத்துறையில் அங்கே எத்தனை பேராசிரியர்கள் இருக்கிறார்கள்? லேப் பக்கத்தில் மாணவர் படங்களைப் பாருங்கள், போன வருடம், அதற்கு முந்தின வருடம் யாராவது புதிதாகச் சேர்ந்தார்களா? அப்புறம் பணம். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, அதாவது என்.எஸ்.எஃப்., தான் கொடுக்கிற எல்லா கிராண்டையும் பொதுவில் தேடும்படி வைத்திருக்கிறது. பேராசிரியர் பெயரைப் போட்டால் தலைப்பு, தொகை, தொடங்கிய தேதி, முடிகிற தேதி எல்லாம் வரும். உயிரியல், மருத்துவப் பக்கம் என்றால் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின், அதாவது என்.ஐ.ஹெச்.இன், என்.ஐ.ஹெச். ரிப்போர்ட்டர் என்று இதே போல ஒன்று இருக்கிறது. இந்த வருடம் தொடங்கி நான்கு வருடம் ஓடப் போகிற கிராண்ட் இருக்கிறதென்றால் அவருக்கு ஆள் தேவைப்பட வாய்ப்பு அதிகம். கடைசி கிராண்ட் அடுத்த ஜூலையில் முடிகிறது, லேபில் ஏற்கெனவே ஒன்பது பேர் இருக்கிறார்கள் என்றால் உங்கள் எஸ்.ஓ.பி. எவ்வளவு அழகாக இருந்தாலும் அவரால் முடியாது. பாதுகாப்புத் துறை, எரிசக்தித் துறை, கம்பெனிகள் என்று வேறு பணமும் உண்டு, அதனால் என்.எஸ்.எஃப்.பில் பெயர் இல்லை என்பதற்காக அடித்துவிடாதீர்கள்.

மெயிலுக்கு வருகிற பதிலையும் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். பதில் வரவில்லை என்றால் அர்த்தம் ஒன்றுமில்லை. "கட்டாயம் விண்ணப்பியுங்கள்" என்றால் மரியாதை. "விண்ணப்பத்தில் என் பெயரைக் குறிப்பிடுங்கள், போட்டபின் எனக்கு எழுதுங்கள்" என்றால் கொஞ்சம் ஆர்வம் இருக்கிறது. அரை மணி நேரம் வீடியோவில் பேசி, உங்கள் ப்ராஜெக்டில் ஏன் இப்படிச் செய்தாய் என்று குடைந்தால் அதுதான் உண்மையான அறிகுறி, அந்த வரியில் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்கு உயர்த்திக்கொள்ளலாம்.

எண் போடுங்கள்

இப்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரு சதவீதம் எழுத வேண்டும், மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல் எழுத வேண்டும். வெளியிட்ட விகிதத்தில் தொடங்குங்கள். உங்களைப் போன்றவர்கள் சமீபத்தில் அங்கே போயிருந்தால் ஏற்றுங்கள், துணைத்துறையில் ஆள் எடுக்கிற பேராசிரியர் ஒருவர்கூட இல்லையென்றால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து அந்த வரியையே அழியுங்கள். துல்லியம் தேவையில்லை. 5, 10, 25, 50, 70 என்று ஐந்து படி வைத்துக்கொண்டால் போதும்.

அந்த நாமக்கல் பெண்ணுடன் உட்கார்ந்து இதைச் செய்தோம். 8.7, மூன்றாம் செமஸ்டர் கணிதத்தில் ஒரு அரியர், ஜி.ஆர்.இ. 322, வி.எல்.எஸ்.ஐ. (சிப் வடிவமைப்பு) ஆசை. அவள் கொண்டுவந்த பட்டியலில் ஒன்பது இருந்தன, அதில் ஆறு பெயரைக் கேட்டாலே வாயைப் பிளக்கிற இடங்கள். தேடிப் பார்த்ததில் இரண்டு இடங்களில் அவள் விரும்பிய வேலையைச் செய்த பேராசிரியர் வேறு பல்கலைக்கழகத்துக்கே மாறிப் போயிருந்தார், அவை அங்கேயே போயின. இன்னும் இரண்டில் எம்.எஸ். என்று அவள் நினைத்திருந்தது பிஎச்.டி.க்குப் போகிறவர்களுக்கான சின்ன ப்ரோகிராம், அதே துறையின் பாடவழிப் படிப்புக்கு மாற்றினோம், 10 என்று இருந்தது 50 ஆனது. கடைசியில் ஏழு நின்றன: இரண்டு 5–10இல், மூன்று 25இல், இரண்டு 50–70இல். அவளுடைய மார்க்கில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, ஒரு மாலைக்குள் அவளுடைய வாய்ப்பு மாறிவிட்டது.

இங்கே ஒரு கணக்குப் பிழையை நிறையப் பேர் செய்வார்கள். ஐந்து இடங்களில் தலா 20 சதவீதம் என்றால், ஐந்திலும் கிடைக்காமல் போக 0.8ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும், 33 சதவீதம் வரும், ஆக ஒன்றிலாவது கிடைக்க 67 சதவீதம் என்று சந்தோஷப்படுவார்கள். ஒவ்வொரு இடமும் தனித்தனியாகப் பூவா தலையா போட்டால்தான் அது சரி. உங்கள் விஷயத்தில் எல்லா இடத்துக்கும் அதே கடிதம், அதே எஸ்.ஓ.பி., அதே ட்ரான்ஸ்கிரிப்ட்தான் போகிறது. கடிதம் சொத்தையாக இருந்தால் ஐந்தும் சேர்ந்தே விழும். அதனால் 67ஐ 50 என்று எடுத்துக்கொள்ளுங்கள், கனவு இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பாதுகாப்பு தேட முடியாது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். என் முதல் வருடப் பட்டியலில் எட்டும் ஒரே மாதிரி கடினமான இடங்கள், எட்டு என்பதே தெம்பாக இருந்தது, ஆனால் உண்மையில் அது ஒரே ஒரு லாட்டரிச் சீட்டு.

50க்கு மேல் என்று எழுதிய இடங்களைப் பற்றி உங்களிடமே கேட்டுப் பாருங்கள்: வேறு எதுவும் கிடைக்காமல் இது மட்டும் கிடைத்தால், கடன் வாங்கிப் போவீர்களா? இல்லை என்றால் அதைப் பட்டியலில் வைப்பது 75 டாலரிலிருந்து 150 டாலர் வரை வீண். வீட்டில் பேச வேண்டிய நேரமும் இதுதான், அட்மிட் வந்தபின் அல்ல.

பழைய எண்களை நம்பும்போது கவனம்

2022இல் உள்ளே போன அண்ணனின் அனுபவம் இன்றைக்கு அப்படியே பொருந்தாது. 2025 பிப்ரவரியில் என்.ஐ.ஹெச்., பல்கலைக்கழகங்களுக்குத் தருகிற மறைமுகச் செலவுத் தொகையை (கட்டடம், நிர்வாகம் போன்றவற்றுக்கானது) 15 சதவீதத்தோடு நிறுத்தப் போவதாக அறிவித்தது, வழக்குகள் தொடர்ந்தன, அதற்குள் பல உயிரியல், மருத்துவத் துறைகள் பிஎச்.டி. இடங்களைக் குறைத்துவிட்டன. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவக் கல்லூரி கொடுத்த இடங்களையே அந்த மார்ச்சில் திரும்பப் பெற்றது. மே கடைசியிலிருந்து சில வாரங்கள் மாணவர் விசா நேர்காணலுக்கு நேரம் ஒதுக்குவதையே உலகம் முழுக்க நிறுத்தி வைத்தார்கள். இதெல்லாம் உங்கள் மார்க்குக்குச் சம்பந்தமில்லாமல் உங்கள் வாய்ப்பை மாற்றுகிற விஷயங்கள். அதனால் பிஎச்.டி. வரிகளில், துறைப் பக்கத்தில் இந்த வருடம் ஆள் எடுக்கிறார்களா என்று நவம்பரில் இன்னொரு முறை பாருங்கள், பழைய விகிதத்திலிருந்து ஒரு படி இறக்கி எழுதுவது நல்லது.

எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்க வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு, ஜெர்மனியில் கணக்கு இதை விட நேரடியானது. பவேரிய சூத்திரம் என்று ஒன்று: அதிகபட்ச மார்க்கிலிருந்து உங்கள் மார்க்கைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு 8, தேர்ச்சி 5 என்றால் 2.2 வரும், அங்கே எண் குறையக் குறைய நல்லது. பல ப்ரோகிராம்கள் 2.5 என்றெல்லாம் வரம்பை எழுதியே வைத்திருக்கும், அதோடு உங்கள் பாடங்கள் அவர்கள் பாடங்களோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மனி தரப்பில் கொடுக்கும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு முன்கூட்டியே போட்டுவிடுங்கள். உள்ளூரில் கேட் தேர்வு வழி என்றால் ஐ.ஐ.டி.களின் போன வருட கட்-ஆஃப் பார்த்தால் பெரும்பாலும் விளங்கிவிடும், ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆராய்ச்சி எம்.எஸ். மட்டும் நேர்காணலில் அடிப்படையைக் குடைவார்கள், அங்கே கேட் ஸ்கோர் வாசல் வரைக்கும்தான்.

முடிவுகள் பிப்ரவரியிலிருந்து வரும். பிஎச்.டி. போன்ற உதவித்தொகையோடு வருகிற இடங்களுக்கு, ஏப்ரல் 15 உடன்பாடு என்று கிராஜுவேட் ஸ்கூல்களுக்கு நடுவில் இருக்கும் உடன்பாட்டில் கையெழுத்திட்டிருக்கும் பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லச் சொல்லி உங்களை நெருக்கக் கூடாது. அதனால் மார்ச்சில் கைக்கு வந்த முதல் இடத்தைப் பயத்தில் பிடித்துக்கொள்ள வேண்டாம், வேண்டாம் என்று முடிவு செய்த இடத்தை உடனே விட்டுக்கொடுங்கள், வெயிட்லிஸ்டில் இன்னொருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார். நீங்களே வெயிட்லிஸ்டில் இருந்தால் ஏப்ரல் முதல் வாரத்தில் துறைக்கு ஒரு சின்ன மெயில், இன்னமும் வர விரும்புகிறேன், இந்த செமஸ்டர் கிரேடு இது, என்று. பிஎச்.டி.க்குப் போட்டு "எம்.எஸ். இடம் தருகிறோம், உதவித்தொகை இல்லை" என்று பதில் வந்தால் அதைப் பாதி வெற்றி என்று எடுத்துக்கொண்டு கடன் வாங்கிவிடாதீர்கள். அந்த எம்.எஸ்.ஸை உங்கள் எக்செலில் புதிய வரியாகப் போட்டு, செலவையும் பக்கத்தில் எழுதி, மற்ற எம்.எஸ். இடங்களோடு வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.